மோட்டர் ஹோமுக்கு ஒரு தோய்க்கிற மெஷின்

பிக்கரிங்
16 ஜூன் 2025

இராஜரட்ணம் அவர்களுக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று அக்காவிடம் முறையிட்டீர்களாம். எடுக்கமாட்டேன். போனில் காலையில் ஒன்று சொல்வீர்கள், பின்னேரம் "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்பீர்கள். எழுத்தில் அது நடவாது. சொல்ல இருப்பதை எழுதுங்கள். அக்கா வீட்டு விலாசம் தெரியும்தானே.

வெள்ளிக்கிழமை நடந்ததை நானே எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிக் கதைக்க முடியாதபடி.

அந்த மோட்டர் ஹோம் வண்டியை நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்தோம். கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று மூன்று தரம் போய்ப் பார்த்தோம். பின்பக்க அலுமாரி எனக்கு என்று உங்கள் வாயால்தான் சொன்னீர்கள். கடைசிப் பேப்பரில் கையெழுத்து வைக்கப் போனால், விற்கிற அந்த மாக்கஸ் புதுப் படம் ஒன்றை விரிக்கிறார். அலுமாரியைக் காணோம். அந்த இடத்தில் தோய்க்கிறதும் காய வைக்கிறதும் ஒன்றாய்ச் சேர்ந்த மெஷின். எனக்கு ஒரு சொல் சொல்லாமல் ஓடர் பண்ணியிருக்கிறீர்கள்.

"என்னத்துக்கப்பா இது? போற ஊரெல்லாம் லோண்ட்ரி இருக்குத்தானே" என்றுதான் கேட்டேன். நீங்கள் எனக்குப் பதில் சொல்லவில்லை. மாக்கஸைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னீர்கள்: உடுப்புத் தோய்ப்பதுதான் என் மனைவியின் தொழில், அது இல்லாமல் அவவால் இருக்க ஏலாது. அவர் சிரித்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

இருபத்து மூன்று வருஷம் நான் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் நின்றேன். நிலத்துக்குக் கீழே, யன்னல் இல்லாத இடம். அங்கே வந்த விரிப்புகளில் என்ன இருந்தது என்று ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை, நீங்கள் சாப்பிடமாட்டீர்கள் என்று. ஏப்ரலில் ஓய்வு எடுத்த அன்று வேலைச் சப்பாத்தைக் குப்பையில் போட்டேன். "இனி உமக்கு மலையும் கடலும்தான்" என்று அன்றைக்குச் சொன்ன ஆள் நீங்கள். அந்த மலைக்கும் கடலுக்கும் போகிற வண்டியில் எனக்கு ஒரு லோண்ட்ரி கட்டி வைத்திருக்கிறீர்கள்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும்மாட்டேன்.

புனிதவதி


ரூஜ்
19 ஜூன் 2025

புனிதம்,

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரை எழுதி, பின்னால் "அவர்களுக்கு" என்றும் போட்டிருக்கிறீர். வரி இலாகாவில் இருந்து வந்த கடிதம் போல இருந்தது.

ஒரு மெஷினுக்காக வீட்டை விட்டுப் போன மனுசி ரொறன்ரோவிலேயே நீர் ஒருவர்தான் இருப்பீர். எத்தனையோ பெண்கள் மெஷின் இல்லை என்று சண்டை பிடிப்பார்கள். உமக்கு மெஷின் இருப்பதுதான் சண்டை.

நான்கு மாதப் பயணம். ஒன்ராறியோவைத் தாண்டவே மூன்று நாள் பிடிக்கும். இடையில் காடும் ஏரியும்தான். லோண்ட்ரி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுவான் என்று தேடிக்கொண்டு திரிவதா? சில்லறைக் காசைக் கையில் பிடித்துக்கொண்டு லைனில் நிற்பதா? இருபத்தெட்டு வருஷம் லொறி திருத்திய கராஜ்காரன் நான். ஒரு வண்டிக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும்.

மாக்கஸிடம் சொன்னது பகிடி. பகிடி விளங்காத ஆளாக எப்போது மாறினீர்?

உம்மை யாரும் தோய்க்கச் சொல்லவில்லை. நான்தான் தோய்ப்பேன். அந்த மெஷின் வேண்டும். அதில் மாற்றமில்லை. அலுமாரிக்கு வேறு இடம் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன். ஆயத்தமாக இரும்.

ராசன்


பிக்கரிங்
24 ஜூன் 2025

இராஜரட்ணம் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்து ஹோர்ன் அடித்தீர்கள். நான் வெளியே வரவில்லை. அக்கா கதவைத் திறந்து "அவள் வரமாட்டாளாம் தம்பி" என்றதும் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். இறங்கி ஒரு தரம் மணியை அடிக்கவில்லை.

"நான்தான் தோய்ப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு நாளாக வாசிக்கிறேன். முப்பது வருஷத்தில் மூக்குத் துடைக்கிற ஒரு கைலேஞ்சிகூடத் தோய்த்ததில்லை. வீட்டு மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டால் முழிப்பீர்கள். இப்போது திடீரென்று காட்டு நடுவில் நின்று தோய்க்கப் போகிறாராம். என்னை என்ன குழந்தைப்பிள்ளை என்றா நினைத்தீர்கள்?

மெஷினை விடுங்கள். நான் கேட்காமல் இருந்ததை இப்போது கேட்கிறேன்.

புரொஸ்டேட் ஒப்பரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் சின்னறைக்குப் போனீர்கள். நாரி நோகுது, குனிய ஏலாது, தனிக் கட்டில் வேண்டும் என்றீர்கள். சரி என்றேன். அது ஒன்றரை வருஷம் ஆகிறது. புரொஸ்டேட் எல்லாம் சுகம் என்று டொக்டர் சொன்னதாய் நீங்கள் சொன்னீர்கள். சுகமான மனுசன் ஏன் திரும்பி வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் மோலில் கடைகளைச் சுற்றி நடக்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். போன மாதம் அன்ரனெற் கேட்டாள், "என்ன அக்கா, உங்கட அவரின்ரை கார் எந்த நாளும் டோர்செட் பார்க்கிலை எங்கட பில்டிங்கிலை நிக்குது? ஆர் இருக்கினம் அங்கை?" என்று. என்னோடு லோண்ட்ரியில் பத்து வருஷம் நின்றவள், வம்புக்குக் கேட்கிற ஆள் இல்லை. நான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து நீங்கள் போட்டுப் போன களிசானை எடுத்து மணந்து பார்த்தேன். லவெண்டர் வாசம். எங்கள் வீட்டில் அந்த வாசத்தில் ஒரு சாமானும் இல்லை.

யார் அவ?

அவவின் பெயரை எழுதுங்கள். பிறகு அந்த வண்டியில் அவவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெஷின் ஏன் வேண்டும் என்று அவவுக்காவது தெரிந்திருக்கும்.

புனிதவதி


ரூஜ்
26 ஜூன் 2025

புனிதம்,

உம்முடைய கடிதத்தை வாசித்த கையோடு இதை எழுதுகிறேன். கோபத்தில்.

களிசானை மணந்து பார்த்தீராம். முப்பது வருஷம் என்னோடு இருந்த மனுசி செய்கிற வேலையா இது? ஒருத்தி எதையோ கண்டாள் என்றதும் என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டீர். அக்காவுக்கும் சொல்லியிருப்பீர். ஞாயிறு அன்று அவ என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் விளங்குகிறது.

டோர்செட் பார்க்கில் சிவபாதம் இருக்கிறான், பதினோராம் மாடியில். உமக்குத் தெரியாத ஆளா? எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். அவனிடம் போவேன். போவதற்கு உம்மிடம் அனுமதி எடுக்க வேண்டுமா?

வேறு ஒரு பெண்ணும் இல்லை. இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். நம்புவதென்றால் நம்பும். இல்லையென்றால் அங்கேயே இரும். மாக்கஸுக்குப் போன் பண்ணி, வண்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

ராசன்


பிக்கரிங்
1 ஜூலை 2025

இராஜரட்ணம் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நான் டோர்செட் பார்க்குக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். அன்ரனெற்றுக்குச் சொல்லவில்லை.

உங்கள் கார் நின்றது. சிவபாதம் அண்ணை வீட்டுக்கு ஏறப் போனால், கீழே லிஃப்ட் திறக்கிறது, உள்ளே நீங்கள். லோண்ட்ரி இருக்கிற நிலக்கீழ்த் தளத்தில் இருந்து ஏறி வந்திருக்கிறீர்கள். அந்தப் பை தோளில். மடித்த துணி பையின் வாய்க்கு மேலே எட்டிப் பார்த்தது. அதே லவெண்டர். என்னைக் கண்டதும் கதவு மூடுகிற பொத்தானை அழுத்தினீர்கள். என் முகத்துக்கு நேரே கதவு மூடியது.

முப்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தது போல இருந்தது.

அடுத்த லிஃப்டில் ஏறிப் போனேன். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள், சப்பாத்து வாசலில் கிடந்தது. சிவபாதம் அண்ணை கதவை அரைவாசி திறந்து, "தங்கச்சி, என்னைக் கேளாதையும். அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். பொம்பிளை விசயம் இல்லை, அது மட்டும் சொல்லுறன்" என்றார். அந்த மனுசன் கண் கலங்கி நின்றார்.

பெண் இல்லை என்று இப்போது நம்புகிறேன். ஆனால் கோபம் குறையவில்லை. கூடியிருக்கிறது. சொந்த வீட்டில் மெஷின் இருக்க, பத்து மைல் கடந்து போய் இன்னொருவன் பில்டிங்கில் ஒளித்துத் தோய்க்கிறீர்கள். அது சிவபாதம் அண்ணைக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது.

என்ன அது? இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இனி நானும் எழுதமாட்டேன். வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

புனிதவதி


ரூஜ்
4 ஜூலை 2025

புனிதம்,

நான்கு பேப்பர் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஒப்பரேஷன் முடிந்து வந்தபோது, கொஞ்ச நாளைக்குச் சிறுநீர் கசியும், பிறகு நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. இருமினால் போகும். பாரம் தூக்கினால் போகும். நித்திரையில் தெரியாமலே போகும். ஈரம் உறிஞ்சுகிற பாட் கட்டுகிறேன். அதையும் மீறிப் போகும். சின்னறைக்குப் போனது அதனால்தான். நாரியில் ஒரு நோவும் இல்லை.

வீட்டு மெஷினில் போட்டால் உமக்குத் தெரிந்துவிடும். உம்முடைய மூக்கு எனக்குத் தெரியும். விரிப்பைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் பழசு என்று சொல்லுகிற ஆள் நீர். அதனால் அவர்கள் பில்டிங் மெஷினை ஓட்டுகிற லோண்ட்ரி கார்ட்டைச் சிவபாதத்திடம் வாங்கினேன். சுடு தண்ணீர், நிறையச் சவர்க்காரம், காய வைக்கும்போது வாசத்துக்குப் போடுகிற அந்த லவெண்டர் தாள் மூன்று. மணம் போக வேண்டுமே.

மோட்டர் ஹோமில் சிவபாதம் இல்லை. ஊர் லோண்ட்ரிக்குப் போனால் நீரும் பக்கத்தில் நிற்பீர், கூடையைப் பிரிப்பீர். வண்டிக்குள்ளே மெஷின் இருந்தால், நீர் வெளியே நடக்கப் போகிற நேரம் நான் தோய்த்துவிடலாம் என்று நினைத்தேன். மாக்கஸுக்கு முன்னால் நீர் என்னத்துக்கு என்று கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அது பகிடி இல்லை. பயம்.

லிஃப்டில் நடந்ததற்கு என்ன எழுதுவது? அந்த நேரம் எனக்கு நனைந்திருந்தது. உம்மைக் கண்ட அதிர்ச்சியில். அதனால்தான் கதவை மூடினேன்.

இப்போது உமக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் லொறிக்குக் கீழே படுத்தவன், ஒரு ஆம்பிளை, குழந்தைப்பிள்ளை போலப் படுக்கையை நனைக்கிறேன். இதைச் சொல்ல வைத்ததற்கு உம்மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சமில்லை. எழுதி முடித்த பிறகும் ஆறவில்லை.

ராசன்


பிக்கரிங்
7 ஜூலை 2025

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தை அக்காவின் குளியலறையில் இருந்து வாசித்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதோடு அது முடிந்தது. இனி ஏச்சு.

இருபத்து மூன்று வருஷம்! யார் யாரோ பெற்ற பிள்ளைகள், யார் யாரோ கட்டிய புருஷன்மார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. அவர்களுடைய இரத்தம், எடுத்த சத்தி, மூத்திரம், எல்லாவற்றையும் இந்தக் கை பிரித்துப் போட்டது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஊர் உலகத்தின் மூத்திரத்தைத் தோய்ச்ச எனக்கு, நான் கட்டின மனுசன் தன்னுடையதைக் காட்டமாட்டாராம். ஒளிச்சாராம். சிவபாதம் அண்ணைக்குக் காட்டினாராம்.

நான் அருவருப்பேன் என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் இத்தனை வருஷமாய் நான் என்ன வேலை செய்தேன் என்று நீங்கள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் சுடுகிறது. மாக்கஸ் சிரித்ததைவிட, லிஃப்ட் மூடியதைவிட.

ஒன்றரை வருஷம் நான் அறையில் தனியே படுத்து என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா? எனக்கு வயசு போய்விட்டது, உடம்பு பெருத்துவிட்டது, இனி இவருக்கு நான் வேண்டாம் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்ப்பதை விட்டேன். உங்கள் வெட்கத்தை மறைக்க அந்தப் பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு, நீங்கள் மோலுக்குப் போகிறேன் என்று விசிலடித்துக்கொண்டு போனீர்கள். இதை நான் கெதியில் மன்னிக்கமாட்டேன். மன்னிக்கிற நேரம் நானே சொல்லுவேன், கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

அன்ரனெற் திரும்பவும் கேட்டாள். சிவபாதம் அண்ணை வீட்டில் சீட்டு விளையாடப் போகிறார் என்று பொய் சொன்னேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

இனி நான் சொல்லுகிறபடி செய்யுங்கள்.

டொக்டரிடம் போகிறோம், இரண்டு பேரும். சுகம் என்று நீங்கள் சொன்ன பொய்யை அவருக்கு முன்னால் நீங்களே திருத்த வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு கிளினிக் நடந்தது. சிறுநீரை அடக்குகிற தசைக்குப் பயிற்சி கொடுப்பார்கள், அதிலும் சரிவராவிட்டால் சின்ன ஒப்பரேஷன் இருக்கிறது. அந்தக் கிளினிக் விரிப்புகளும் எங்களிடம்தான் வரும். எத்தனை ஆம்பிளைகள் என்று கணக்கே இல்லை. நீங்கள் ஒருவர்தான் உலகத்தில் என்று இருந்திருக்கிறீர்கள்.

அடுத்தது, அந்த மெஷின். ஓம், மெஷின் வேண்டும். ஆனால் நீங்கள் தெரிந்தெடுத்தது உதவாது. இதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும், வீட்டில் இதைப் படித்த ஆள் நான். சேர்ந்த மெஷின் ஒரு சின்னக் கூடை உடுப்பைத் தோய்த்துக் காய வைக்க மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். ஈரக் காற்று வெளியே போக வழியில்லாத மொடல் அது. துணி புழுங்கித்தான் வரும். புழுங்கலோடு மடித்தால் மணம் திரும்பவும் வரும், நீங்கள் முப்பது லவெண்டர் தாள் போட்டாலும்.

தனித்தனியாக எடுங்கள், ஒன்றின்மேல் ஒன்று வைக்கிறது, வெளியே காற்றுக்குழாய் போகிறது. ஒரு விரிப்பு காயும்போது அடுத்தது தோயும். பாரம் கூடிவிடும் என்று மாக்கஸ் சொல்லுவார். தரை தாங்குமா, ஓடும்போது டிரம் ஆடாமல் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏசியையும் டிரையரையும் ஒன்றாய்ப் போட்டால் கரண்ட் விழும், அதை நான் பார்த்துக்கொள்ளுவேன். அலுமாரி இனி வேண்டாம். சேலை உடுத்தி நான் மலையில் ஏறப் போவதில்லை.

ஆனால் உங்கள் உடுப்பை நான் தோய்க்கமாட்டேன். நீங்கள்தான் தோய்க்க வேண்டும். நான் பக்கத்தில் இருக்கும்போது, பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

புனிதம்


ரூஜ்
11 ஜூலை 2025

புனிதம்,

உம்முடைய கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏசினீர். ஏசினது சரி. கண்ணாடி பற்றி எழுதிய இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அதைப் பற்றி நேரில்தான் கதைக்க வேண்டும். எழுத எனக்குத் தெரியாது.

எனக்கும் உம்மேல் கோபம் இருக்கிறது. சின்னறைக்குப் போனபோது ஏன் ஒரு தரம் கதவைத் தட்டவில்லை? நாரி எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனால் கேட்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன், நீரும் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆள்தானே.

நேற்று மாக்கஸிடம் போனேன். வண்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று உமக்கு எழுதினேனே, அந்தப் போனை நான் பண்ணவேயில்லை. அவரிடம் சொன்னேன், அன்றைக்கு நான் சொன்னது பொய், மெஷின் என் மனைவிக்கு இல்லை, எனக்கு, எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை. இங்கிலீஷில் சொன்னதால் கொஞ்சம் சுகமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து, "காற்றுக்குழாய் எந்தப் பக்கம் வரவேணும்?" என்று கேட்டார். நீர் சொன்ன எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இதை யார் எழுதியது என்றார். என் மனைவி, இருபத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் இருந்தவ, எனக்குத் தெரிந்ததைவிட அவவுக்குத் தெரியும் என்றேன். வண்டியின் பின் சில்லுக்கு மேலே வைக்கலாமாம், தரைக்கு ஒரு தகடு போட வேண்டுமாம். இரண்டு கிழமை பிடிக்கும். உம்முடைய கையெழுத்தும் வேண்டும்.

டொக்டரிடம் இருபத்திரண்டாம் திகதி, பத்தரைக்கு. இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லித்தான் நேரம் எடுத்தேன்.

இன்று காலை விரிப்பு நனைந்திருந்தது. பையில் திணிக்க எடுத்தேன், பிறகு நிறுத்தினேன். எங்கள் வீட்டு மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், பார்க்க நீர்தான் இல்லை. இது எழுதும்போதும் அது அங்கே கிடக்கிறது. எந்தத் தண்ணீரில் போடுவது? அதில் ஆறு பொத்தான் இருக்கிறது. சிவபாதத்தின் மெஷினில் ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன், அக்கா வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடமாட்டேன். மணி அடிப்பேன்.

ராசன்


பிக்கரிங்
11 ஜூலை 2025, பின்னேரம்

இஞ்சாருங்கோ,

நீங்கள் கீழே அக்காவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது. கடிதத்தை மேலே கொண்டுவந்து வாசித்தேன். இறங்கி வந்தால் நான் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். அக்காவுக்கு முன்னால் இரண்டும் வேண்டாம். அதனால் இதை எழுதி அவவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கதவைத் தட்டவில்லை என்பது உண்மை. தட்டியிருக்க வேண்டும்.

குளிர் தண்ணீர். முதலில் குளிர் தண்ணீரில் ஒருக்கால் அலச வேண்டும், பிறகுதான் சூடு. நேரே சுடு தண்ணீரில் போட்டால் அந்த மணம் துணியிலேயே பிடித்துவிடும். ஒன்றரை வருஷமாய் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி ஊற்றுங்கள். லவெண்டர் தாளை எல்லாம் எறியுங்கள்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணுங்கள். விரிப்பு காலையில் இருந்து கிடக்கிறது என்கிறீர்கள், காய்ந்தால் கறை பிடிக்கும். நான் என் பையை அடுக்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் இறங்கி வருகிறேன். காருக்குள் என்னோடு கதைக்க வேண்டாம்.

புனிதம்